எவ்வளவு கட்டாயம், எப்போது, யாருக்கு: ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியங்களைப் படித்தல்

1963ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய ஆட்சிமொழிகள் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் எவரும் வகுப்பில் எடுத்துக்காட்ட வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 15 ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஒன்றிய அரசின் அலுவல்களில் ஆங்கிலம் தொடர்வதைப் பற்றிய வாக்கியம் அது. அதன் நடுப்பகுதியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்: ‘த இங்லிஷ் லாங்வேஜ் மே, அஸ் ஃப்ரம் த அப்பாய்ன்ட்டட் டே, கன்டினியூ டு பீ யூஸ்ட்’. ‘மே’ என்னும் மோடல், அதாவது கட்டாயம், அனுமதி, இயலுமை போன்றவற்றைச் சுட்டும் துணைவினை, முதலில் நிற்கிறது. ‘குறித்த நாளிலிருந்து’ என்னும் வினையடைத் தொடர் இரண்டு காற்புள்ளிகளுக்கிடையே அமர்ந்திருக்கிறது. அதன்பின் ‘பீ யூஸ்ட்’ என்னும் செயப்பாட்டுவினை வருகிறது. மோடல், வினையடை, செயப்பாட்டுவினை ஆகிய மூன்றும் ஒரே வரியில் கூடியிருக்கும் இந்த வாக்கியம், நம் பள்ளிகளில் தனித்தனிப் பாடங்களாகப் பிரித்துக் கற்பிக்கப்படும் மூன்று செய்திகளும் உண்மையில் ஒரே செய்தியின் மூன்று பக்கங்கள் என்பதைக் காட்டிவிடுகிறது.

குறித்த நாள் என்பது 1965ஆம் ஆண்டு ஜனவரி 26. அதற்கு முந்தைய 15 ஆண்டுகளைப் பற்றி அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் பிரிவு பேசும்போது, ஏறக்குறைய இதே சொற்களைக் கையாண்டிருந்தது. ஆனால் அங்கே நின்ற மோடல் வேறு. ‘ஷல் கன்டினியூ டு பீ யூஸ்ட்’ என்று அது எழுதியிருந்தது. வினை மாறவில்லை, செயப்பாட்டு வடிவம் மாறவில்லை. ‘ஷல்’ இருந்த இடத்தில் ‘மே’ வந்து உட்கார்ந்தது. ‘பயன்படுத்தப்பட்டு வரும்’ என்ற உறுதி, ‘பயன்படுத்தப்பட்டு வரலாம்’ என்ற இசைவாகச் சுருங்கியது. அப்போது மாநிலங்களவையில் இருந்த அண்ணாவும் அவருடைய கட்சியினரும் கேட்டது இந்த ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான். நேரு, இந்த இடத்தில் ‘மே’ என்பது ‘ஷல்’ என்ற பொருளையே தரும் என்று விளக்கினார். இரண்டும் ஒன்றுதான் என்றால் ‘ஷல்’ என்றே எழுதிவிடலாமே என்பது எதிர்த்தரப்பின் வாதம். நல்லெண்ணம் கொண்ட ஒரு பிரதமரின் விளக்கம் அவருக்குப் பின்வரும் அரசைக் கட்டுப்படுத்தாது, சட்டத்தில் அச்சான சொல்தான் கட்டுப்படுத்தும் என்ற அச்சம் அந்த வாதத்துக்குள் இருந்தது. நேரு 1964 மே மாதத்தில் மறைந்தார். 1965 ஜனவரியில் தமிழகத்தில் நடந்தவை நாம் அறிந்தவை. 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், பழைய ‘மே’யை அதே இடத்தில் விட்டுவைத்து, அதன்கீழ் ஒரு காப்புரையைச் சேர்த்தது: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலம் ‘ஷல் பீ யூஸ்ட்’. ஒரு மோடல் சொல்லுக்காக இத்தனை பெரிய விவாதம் நடந்த வேறோர் இடத்தை நான் அறியேன்.

அண்ணா தரப்பின் அச்சம் இலக்கணப்படியும் சட்டப்படியும் அடிப்படை உள்ளது என்றே நான் கருதுகிறேன். அதே 1963ஆம் ஆண்டில் உத்தரப்பிரதேச அரசுக்கும் ஜோகேந்திர சிங் என்ற அதிகாரிக்கும் இடையிலான வழக்கில், சூழலைப் பொறுத்து ‘மே’ என்பது ‘மஸ்ட்’ அல்லது ‘ஷல்’ என்ற பொருளைத் தர வல்லது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதிகாரி கேட்டுக்கொண்டால் ஆளுநர் அவருடைய வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம் என்று விதி சொல்லியிருக்க, அந்த ‘அனுப்பலாம்’ என்பதை ‘அனுப்பியாக வேண்டும்’ என்றே நீதிமன்றம் படித்தது. இது நேருவின் விளக்கத்துக்குத் துணைநிற்பதுபோல் தோன்றும். ஆனால் எதிர்த்திசையிலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அரசுப் பணியாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையம் ‘ஷல் பீ கன்சல்ட்டட்’ என்று அரசமைப்புச் சட்டத்தின் 320ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தும், கலந்தாலோசிக்காமல் விட்டதாலேயே நடவடிக்கை செல்லாமல் போய்விடாது, அந்த ‘ஷல்’ வழிகாட்டும் தன்மை உடையதே அன்றிக் கட்டாயம் அன்று என்று 1957இல் மன்போதன் லால் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆக, ‘மே’ கட்டாயமாகவும் ‘ஷல்’ வழிகாட்டலாகவும் மாறக்கூடிய உலகில், எழுதும்போதே வலிமையான சொல்லைக் கேட்டுப் பெறுவதுதான் அறிவுடைமை.

இவ்வளவு கனமான வாக்கிய அமைப்பை நாம் எப்படிக் கற்கிறோம்? ‘செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக’ என்ற தலைப்பில் சில வாக்கியங்கள் தரப்படும். எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றி, ‘பீ’ சேர்த்து, வினையை மூன்றாம் வடிவுக்குக் கொண்டுபோய், கடைசியில் ‘பை’ போட்டு முடித்தால் மதிப்பெண் கிடைக்கும். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய எந்தச் சொல்லுக்குப் பின்னும் ‘பீ’ என்பது எவ்வித மாற்றமும் இல்லாமல் வரும், அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம் வரும் என்ற சூத்திரம் சரியானதே. ஆனால் மாற்றிப் போடும் பயிற்சியாக மட்டும் இதைக் கற்ற மாணவருக்கு, இந்த வாக்கியத்தை எந்தத் தேவைக்காக ஒருவர் எழுதுகிறார் என்பது கடைசிவரை விளங்குவதில்லை. சட்டமோ சுற்றறிக்கையோ எழுதுபவர் முதலில் செய்வினையில் யோசித்துவிட்டுப் பின்னர் அதைத் திருப்பிப் போடுவதில்லை. அவர் எடுத்த எடுப்பிலேயே செயப்பாட்டில்தான் யோசிக்கிறார். அவ்வாறு யோசிக்கையில் மூன்று கேள்விகளுக்கு விடையளிக்கிறார்: இது எவ்வளவு கட்டாயம்? இது எப்போது, எப்படி நடக்க வேண்டும்? இதைச் செய்யவேண்டியவரின் பெயரைச் சொல்வதா, விட்டுவிடுவதா? முதல் கேள்விக்கு மோடலும், இரண்டாவதற்கு வினையடையும், மூன்றாவதற்குச் செயப்பாட்டு வடிவமும் விடை தருகின்றன.

தமிழ் பேசுவோர் இந்த அமைப்பில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று, தமிழின் இயல்பு. ‘த ஃபார்ம் ஷுட் சப்மிட் பிஃபோர் மண்டே’ என்ற வாக்கியத்தை நான் மாணவர்களின் ஏடுகளில் மட்டுமன்றி, அலுவலகத் தகவல் பலகைகளிலும் பார்த்திருக்கிறேன். ‘பீ சப்மிட்டட்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பீ’ காணாமல் போய்விடுகிறது. நாம் இதைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்: ‘விண்ணப்பத்தைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.’ இதில் எழுவாயே இல்லை. யார் கொடுக்க வேண்டும் என்று சொல்லாமலேயே வாக்கியம் முழுமை பெறுகிறது. ‘கொடுக்கலாம்’, ‘கொடுக்கக்கூடாது’, ‘கொடுத்துவிட வேண்டும்’ ஆகிய எல்லாமே இப்படித்தான். செய்பவரை விட்டுவிட்டுக் கடமையை மட்டும் சொல்வதற்குத் தமிழுக்குச் செயப்பாட்டுவினை தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்துக்கோ எழுவாய் இல்லாமல் வாக்கியம் அமையாது என்பதால், அது விண்ணப்பத்தையே எழுவாய் இருக்கையில் அமர்த்தி, அதற்கேற்ப வினையைச் செயப்பாட்டுக்கு மாற்றுகிறது. இதை உணராத மாணவர் விண்ணப்பத்தை எழுவாயாக்கிவிட்டு, வினையை மட்டும் தமிழில் இருப்பதுபோலவே செய்வினையாக விட்டுவிடுகிறார்.

ஆகவே ‘சமர்ப்பிக்கப்பட வேண்டும்’ என்ற ‘படு’ வடிவத்தின் வழியாக ஆங்கிலச் செயப்பாட்டுவினையைக் கற்பிப்பதைவிட, ‘கொடுக்க வேண்டும்’ என்ற இயல்பான தமிழின் வழியாகக் கற்பிப்பதே பயன் தரும் என்பது என் கருத்து. ‘இந்த வாக்கியத்தில் கொடுப்பவர் இருக்கிறாரா? இல்லையென்றால் ஆங்கிலத்தில் ‘பீ’ வேண்டும்’ என்று ஒரு கேள்வியாகச் சொல்லிக்கொடுத்தால், அட்டவணைகளை மனப்பாடம் செய்யாமலேயே பெரும்பாலோர் சரியாக எழுதிவிடுகிறார்கள். செய்பவரை மறைத்துப் பேசுவது தமிழுக்குப் புதியதும் அன்று. செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறுவது வழக்கில் உண்டு என்று தொல்காப்பியத்தின் வினையியல் சொல்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்று உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். மெழுகியவர் ஒருவர் இருக்க, திண்ணையே மெழுகியதாகச் சொல்லும் அந்த வழக்கில் ‘படு’ என்ற துணைவினையே இல்லை.

மோடல்களுக்கு வருவோம். தமிழின் ‘வேண்டும்’ மிகப் பரந்த சொல். மருத்துவர் ‘நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்’ என்பதும், காவலர் ‘ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும்’ என்பதும் தமிழில் ஒரே சொல்லால் முடிகின்றன. குரலும் சூழலும் வலிமையை உணர்த்திவிடுகின்றன. ஆங்கிலத்தில் முன்னது ‘ஷுட்’, பின்னது ‘மஸ்ட்’. எழுத்தில் குரல் இல்லை என்பதால், தரநிர்ணய அமைப்புகள் இந்தச் சொற்களுக்கு வரையறையே வகுத்துவிட்டன. ஐஎஸ்ஓ தரநிலை ஆவணங்களில் ‘ஷல்’ என்றால் தவறாமல் நிறைவேற்ற வேண்டிய தேவை, ‘ஷுட்’ என்றால் பரிந்துரை, ‘மே’ என்றால் அனுமதி, ‘கேன்’ என்றால் இயலுமை. இணையத்தின் நெறிமுறைகளை எழுதுவோரும் 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தில் இதேபோல் வரையறுத்துக்கொண்டார்கள். அதன்படி ‘ஷுட்’ என்று சொல்லப்பட்ட ஒன்றைத் தக்க காரணம் இருந்தால் மீறலாம், ஆனால் விளைவுகளை முழுமையாக எடைபோட்ட பிறகே மீற வேண்டும். ‘ஷல்’ என்ற சொல்லே பல பொருள் தந்து குழப்புகிறது என்று கருதிய நாடுகளும் உண்டு. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டம் கடமைகளைச் சொல்ல ‘மஸ்ட்’ என்ற சொல்லையே கையாள்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007இல் நடை திருத்தம் பெற்றபோது ‘ஷல்’ நீக்கப்பட்டு, அந்தந்த இடத்துக்கு ஏற்ப ‘மஸ்ட்’, ‘மே’, ‘ஷுட்’ என்று எழுதப்பட்டது.

எதிர்மறையில்தான் இடர் அதிகம். ‘செருப்பைக் கழற்ற வேண்டாம்’ என்ற தமிழ் வாக்கியம் இரண்டு விதமாகவும் நிற்கும்: கழற்றத் தேவையில்லை என்றும் பொருள்படும், கழற்றாதீர்கள் என்றும் பொருள்படும். ஆங்கிலத்தில் ‘நீட் நாட் பீ ரிமூவ்ட்’ என்றால் தேவையில்லை, கழற்றினாலும் குற்றமில்லை. ‘மஸ்ட் நாட் பீ ரிமூவ்ட்’ என்றால் கழற்றவே கூடாது. நேர்மறையில் கட்டாயத்தைச் சுட்டிய ‘மஸ்ட்’, ‘நாட்’ சேர்ந்தவுடன் தடையைச் சுட்டுகிறதே தவிர, கட்டாயமின்மையைச் சுட்டுவதில்லை என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘மே நாட்’ இதைவிட வழுக்கலானது. ‘த லெட்டர் மே நாட் பீ டெலிவர்ட் டுடே’ என்றால் இன்று கடிதம் வந்துசேராமல் போகலாம் என்ற ஐயம். ‘விசிட்டர்ஸ் மே நாட் பீ அட்மிட்டட் ஆஃப்டர் சிக்ஸ்’ என்று வாயிற்கதவில் எழுதியிருந்தால் அது ஆறு மணிக்குப் பிறகு யாரையும் உள்ளே விடலாகாது என்ற தடையாகவும் இருக்கலாம், சிலவேளை விடாமல் போகக்கூடும் என்ற முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். தடை என்றால் ‘மஸ்ட் நாட்’ என்றோ ‘வில் நாட்’ என்றோ எழுதுவதே வாசகருக்குச் செய்யும் நன்மை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியான வினையடைக்கு வருகிறேன். இலக்கண நூல்கள் ‘முதல் துணைவினைக்குப் பின் வினையடையை வைக்கவும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ‘ஷுட் ஆல்வேஸ் பீ ஃபாலோட்’, ‘வில் ப்ராபப்ளி பீ போஸ்ட்போன்ட்’, ‘மே ஆல்ஸோ பீ யூஸ்ட்’ போன்றவற்றுக்கு அந்த விதி பொருந்தும். எத்தனை முறை, எவ்வளவு உறுதி என்பதைச் சொல்லும் வினையடைகள் மோடலுக்கு அடுத்து அமரும். எப்படிச் செய்வது என்பதைச் சொல்லும் வினையடைகளோ ‘பீ’க்குப் பின்னால், மூன்றாம் வடிவத்தை ஒட்டி நிற்க விரும்புகின்றன: ‘மஸ்ட் பீ கேர்ஃபுலி செக்ட்’. இந்த இரண்டு இருக்கைகளும் வெறும் ஓசை நயத்துக்காக ஏற்பட்டவை அல்ல. ‘இட் ஷுட் க்ளியர்லி பீ ரிட்டன்’ என்பதையும் ‘இட் ஷுட் பீ க்ளியர்லி ரிட்டன்’ என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பின்னதில் ‘தெளிவாக’ என்பது எழுதும் முறையைக் குறிக்கிறது. எழுத்து புரியும்படி இருக்க வேண்டும். முன்னதில் அது மோடலை ஒட்டி நிற்பதால், எழுதப்பட வேண்டும் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது என்று எழுதுபவரின் முடிவைக் குறிப்பதாகவே பெரும்பாலும் படிக்கப்படும். ஒரே சொல், ஓரிடம் தள்ளி அமர்ந்ததனால் எழுத்தைப் பற்றிய செய்தியாக இருந்தது கருத்தைப் பற்றிய செய்தியாகிவிட்டது. மோடலை ஒட்டியது மோடலின் வட்டத்துக்குள்ளும், வினையை ஒட்டியது வினையின் வட்டத்துக்குள்ளும் போகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால், பட்டியல்களை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை பாதியாகக் குறைந்துவிடும்.

‘நாட்’ என்பதையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். ‘கேனாட் ஆல்வேஸ் பீ ட்ரஸ்டட்’ என்றால் எப்போதும் நம்ப முடியாது, அதாவது சில வேளைகளில் நம்பலாம். ‘கேன் நெவர் பீ ட்ரஸ்டட்’ என்றால் ஒருபோதும் நம்ப முடியாது. ‘எப்போதும் நம்ப முடியாது’ என்ற தமிழ் வாக்கியம் இரண்டையும் தாங்கும் என்பதால், தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுபவர் எதை எண்ணினார் என்று தம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. ‘ஒன்லி’ என்ற சொல்லில் இதற்கு நேர்மாறான நிலை. தமிழின் ‘மட்டும்’, ‘தான்’, ஏகாரம் ஆகியவை தாம் கட்டுப்படுத்தும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. ‘பணமாக மட்டுமே செலுத்தலாம்’, ‘திங்கட்கிழமை மட்டுமே செலுத்தலாம்’ என்பவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்தின் ‘ஒன்லி’ மோடலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தொலைவில் உள்ள எதை வேண்டுமானாலும் கட்டுப்படுத்தும்: ‘பேமென்ட் மே ஒன்லி பீ மேட் இன் கேஷ் ஆன் மண்டேஸ்’. பணமாக மட்டுமா, திங்கட்கிழமை மட்டுமா, திங்கட்கிழமைகளில் பணமாக மட்டுமா? பேச்சில் அழுத்தம் காட்டிக்கொடுக்கும், எழுத்தில் காட்டாது. ‘மே பீ மேட் ஒன்லி இன் கேஷ்’ என்று அந்தச் சொல்லை உரிய இடத்தில் ஒட்டிவைக்கும் பழக்கம் தமிழ் அறிந்தவருக்கு எளிதில் வரவேண்டும், ஏனென்றால் நம் மொழி நாள்தோறும் அதைத்தான் செய்கிறது.

காலத்தைச் சொல்லும் வினையடைகளில் மக்களின் வாழ்க்கையே அடங்கியிருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, கைது செய்யப்பட்டவருக்குக் கைதின் காரணத்தைத் தெரிவிப்பதைப் பற்றிச் சொல்லுமிடத்தில் ‘அஸ் சூன் அஸ் மே பீ’ என்று எழுதுகிறது. ‘இயன்ற விரைவில்’ என்று பொருள். அடுத்த உட்பிரிவில் அவரை நடுவர்முன் நிறுத்துவதைப் பற்றிப் பேசும்போது 24 மணி நேரம் என்று எண்ணைச் சொல்லிவிடுகிறது. இரண்டு இடங்களிலும் ‘ஷல்’ இருக்கிறது, செயப்பாட்டுவினை இருக்கிறது. ஆனால் முன்னதில் தாமதம் நேர்ந்தால் ‘இயன்ற விரைவு’ எது என்று வாதாட வேண்டியிருக்கிறது, பின்னதில் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துத் தைத்திருக்கிறது: இயன்ற அளவு விரைவாகவும், எப்படியும் 30 நாட்களுக்குள்ளாகவும் பொதுத் தகவல் அலுவலர் விடையளிக்க வேண்டும். ஒருவருடைய உயிரையோ விடுதலையையோ பற்றிய தகவலாக இருந்தால், அது 48 மணி நேரத்துக்குள் ‘ஷல் பீ ப்ரொவைடட்’. மோடல் எவ்வளவு வலிமையாக இருந்தாலும், அருகில் நிற்கும் வினையடை தளர்ந்திருந்தால் வாக்கியமும் தளர்ந்துவிடும். எனவே எந்த உத்தரவைப் படிக்கும்போதும் ‘ஷல்’ என்ற சொல்லைக் கண்டு நிறைவடையாமல் அதன் பக்கத்தில் உள்ள காலத்தைத் தேடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் அதே பிரிவை, செய்பவரின் பெயரைச் சொல்வதா விடுவதா என்ற மூன்றாம் கேள்விக்கும் பயன்படுத்தலாம். 30 நாள் கெடுவைச் சொல்லும் முதன்மை வாக்கியம் செய்வினையில் இருக்கிறது. தகவல் அலுவலர் என்ற எழுவாய் வெளிப்படையாக நிற்கிறார். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சொல்லும் 20ஆம் பிரிவு யாரைப் பிடிப்பது என்று திணறாமல் இருப்பதற்கு, கடமை உள்ளவர் ஏழாம் பிரிவிலேயே பெயரிடப்பட்டிருப்பதே காரணம். அதே வாக்கியத்தில் கட்டணத்தைப் பற்றி வரும் ‘அஸ் மே பீ ப்ரிஸ்க்ரைப்ட்’ என்ற தொடரில் வரையறுப்பவர் யார் என்பது இல்லை. ஆனால் சட்டத்தின் தொடக்கத்தில் உள்ள சொற்பொருள் பிரிவுக்குப் போனால், உரிய அரசோ தகுதியுள்ள அதிகார அமைப்போ இயற்றும் விதிகளால் வரையறுக்கப்படுவது என்று விடை கிடைத்துவிடுகிறது. செய்பவரை விட்டுவிடுவதனாலேயே ஒரு வாக்கியம் கெட்டதாகிவிடாது. விடப்பட்டவரை வேறோரிடத்தில் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதே கேட்க வேண்டியது. ஊழியர் குறைகள் ‘வில் பீ லுக்ட் இன்டு’ என்று முடியும் கடிதங்களில் அப்படிப்பட்ட வேறோரிடம் எதுவும் இருப்பதில்லை, காலமும் இருப்பதில்லை.

செய்பவரைச் சொல்லாமல் விடுவது எப்போதும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் செயல் என்று ஒரு கருத்து பரவியிருக்கிறது. நல்ல நடையில் செயப்பாட்டுவினையே கூடாது என்றும் சிலர் கற்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, அரசு எவருக்கும் சட்டத்தின் முன் சமன்மையை ‘ஷல் நாட் டினை’ என்று செய்வினையில் அரசை நோக்கிப் பேசுகிறது. 21ஆம் பிரிவோ, ‘நோ பர்சன் ஷல் பீ டிப்ரைவ்ட் ஆஃப் ஹிஸ் லைஃப் ஆர் பர்சனல் லிபர்ட்டி’ என்று செயப்பாட்டில் பேசுகிறது. சட்டம் வகுத்த நெறியின்படி அன்றி எவருடைய உயிரும் விடுதலையும் பறிக்கப்படலாகாது. பறிப்பவர் யார் என்று அங்கே எழுதப்படவில்லை. அந்த வெற்றிடம் காலப்போக்கில் பொருள் பெற்றது. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில், 19, 21ஆம் பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதோருக்கு எதிராகவும் கோரலாம் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தபோது, அடிப்படை உரிமைகளில் சில பிரிவுகள் அரசுக்கு இடப்படும் கட்டளை வடிவில் இருப்பதையும் மற்றவை அவ்வாறு இல்லாததையும் அது கவனத்தில் கொண்டது. நீதிபதி நாகரத்னா இதில் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். எந்தத் தரப்பு சரி என்பது சட்ட அறிஞர்கள் பேசவேண்டியது. இலக்கணம் படிப்பவர் கவனிக்க வேண்டியது, ‘யாரால்’ என்று எழுதாமல் விட்ட ஒரு செயப்பாட்டு வாக்கியம், அதை எழுதிய காலத்தில் எண்ணிப் பார்த்திராதவர்களையும் உள்ளே கொண்டுவர இடம் தருகிறது என்பதைத்தான்.

கடைசியாக, இறந்தகாலம். மோடலுக்குப் பின் ‘ஹேவ் பீன்’ வந்து அதன்பின் மூன்றாம் வடிவம் வரும் என்ற அமைப்பு பார்க்க நீளமானது, ஆனால் கடினமானது அன்று. கடினம் பொருளில் இருக்கிறது. ‘எனக்குத் தெரிவித்திருக்க வேண்டும்’ என்ற தமிழ் வாக்கியம், தெரிவிக்கவில்லையே என்ற குறையையும் சொல்லும், தெரிவித்திருப்பார்கள் என்ற ஊகத்தையும் சொல்லும். ஆங்கிலம் இவற்றைப் பிரித்துவிடுகிறது. ‘ஐ ஷுட் ஹேவ் பீன் இன்ஃபார்ம்ட்’ என்றால் கடமை இருந்தது, நிறைவேறவில்லை. ‘ஐ மஸ்ட் ஹேவ் பீன் இன்ஃபார்ம்ட்’ என்றால் எனக்குத் தெரிவித்திருப்பார்கள், நான்தான் மறந்திருப்பேன் என்ற ஊகம். ‘மஸ்ட்’ வலிமையான சொல் என்று கற்றவர்கள், முறையீடு வலிமையாக இருக்கட்டும் என்று எண்ணி அதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அதனால் எதிர்த்தரப்புக்கு எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் கொடுத்தது போலாகிவிடுகிறது. மின்கட்டணமோ நில அளவையோ வங்கிக் கடனோ, எதைப் பற்றி முறையிட்டு எழுதினாலும், முன்னறிவிப்பு வரவில்லை என்பது உங்கள் குறையானால் ‘ஷுட் ஹேவ் பீன் இன்ஃபார்ம்ட்’ என்றே எழுதுங்கள். எந்த நாளுக்குள் என்பதை அதனோடு சேருங்கள். தெரிவிக்க வேண்டியவர் யார் என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால் செயப்பாட்டை விட்டுவிட்டு, அந்த அலுவலரின் பதவிப் பெயரை எழுவாயாக வைத்து ‘ஷுட் ஹேவ் இன்ஃபார்ம்ட் மீ’ என்று தொடங்குங்கள்.